படிச்சுக்கிட்டே சம்பாதிக்கணும்... பார்ட் டைம் வேலையா, வீட்டு பிசினஸா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

முகூர்த்த நாள் ராத்திரி எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கையில் சாம்பார் வாளி. பந்திக்குப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும் பசங்களில் பலர் கல்லூரி மாணவர்கள். கடைசிப் பந்தி முடிந்து, சாமான் எல்லாம் வேனில் ஏற்றி, ரூமுக்குப் போய்ப் படுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். காலையில் எட்டரைக்கு முதல் ஹவர். அன்றைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அதே ராத்திரி, வேறொரு வீட்டில், ஒரு மாணவி கேக்கை அவனில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் நோட்ஸ், கையில் போன். "அக்கா, பாப்பா பேர்ல ரெண்டு 'ஷ்' வருமா, ஒண்ணா?" என்று கஸ்டமருக்கு மெசேஜ் போட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்.

இரண்டு பேருமே படித்துக்கொண்டே சம்பாதிக்கிறார்கள். இதில் எது உங்களுக்குச் சரி?

ரீல்ஸைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "அடுத்தவன்கிட்ட கைகட்டி வேலை பார்க்காதே, நீயே முதலாளி ஆகு" என்பார்கள். பின்னணியில் ஒரு மாஸ் மியூசிக் வேறு. வீட்டில் கேட்டால், "முதல்ல படிப்பை முடி, சம்பாதிக்க ஆயுசு முழுக்க இருக்கு" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் அடுத்த மாசம் செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டிய ஒருவருக்கு இந்த இரண்டு பதிலாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போடலாம். வேலையா, பிசினஸா என்று கேட்பதற்கு முன்னால், பணம் உங்களுக்கு எப்போ வேணும்?

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கோங்க.

ஜவுளிக்கடையில் மாலை ஷிஃப்ட், 5 மணி நேரம், ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 40, டீ-வடைக்கு 30 போனால் கையில் நிற்பது 330. போய்வர ஒன்றரை மணி நேரம். ஆக, 330 ரூபாய்க்கு நீங்கள் கொடுத்தது ஆறரை மணி நேரம். மணிக்குச் சுமார் 51 ரூபாய். (சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், தோழிகளுக்கு இந்தக் கணக்கு மணிக்கு 6 ரூபாய் கூடுதலாக வரும். சின்ன விஷயம்தான், ஆனால் மாசக் கடைசியில் தெரியும்.)

இப்போ கேக். ஒரு கிலோ 900 ரூபாய்க்கு விற்கிறீர்கள். மைதா, வெண்ணெய், கிரீம், பாக்ஸ், போர்டு, கரன்ட் எல்லாம் சேர்த்து 480 போனால் மிச்சம் 420. நேரம்? பேக் பண்ணி, ஆறவைத்து, கிரீம் அடிக்க 3 மணி நேரம். சாமான் வாங்க முக்கால் மணி. கஸ்டமரோடு பேசிப் பேசி டிசைன் முடிவு பண்ண இன்னொரு முக்கால் மணி. கொண்டுபோய்க் கொடுக்க அரை மணி. மொத்தம் 5 மணி நேரம். மணிக்கு 84 ரூபாய்.

அப்போ பிசினஸ்தான் பெஸ்ட்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

கடைக்கு மாசம் 12 நாள் போனால் 3,960 ரூபாய் உறுதி. கேக்குக்கு மாசம் 3 ஆர்டர்தான் வருது என்றால் 1,260 ரூபாய். ஆரம்பத்தில் மாசம் 3 ஆர்டர் என்பதே சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க தயவில் வருவதுதான். அது மட்டுமா? அவன், பீட்டர், டின் எல்லாம் வாங்க 9,000 ரூபாய் போட்டிருந்தால், அந்த முதலைத் திருப்பி எடுக்கவே 22 கேக் விற்க வேண்டும். மாசம் 3 என்றால் ஏழு மாசத்துக்கு மேல். அதாவது ஒரு செமஸ்டருக்கும் மேலாக நீங்கள் உழைத்தது அவனுக்குத்தான்.

முடிச்சு இங்கேதான் இருக்கு. மணிக்கணக்கில் பார்த்தால் வீட்டு பிசினஸ் ஜெயிக்கலாம்; மாசக் கணக்கில் பார்த்தால் ஆரம்ப காலத்தில் வேலைதான் ஜெயிக்கும். மெஸ் பில், ஃபீஸ், வீட்டு வாடகை என்று தேதி குறித்த செலவு இருப்பவர்கள், ஏழு மாசம் காத்திருக்க முடியாது. கைச்செலவுக்கு வீட்டில் கொடுக்கிறார்கள், நாமாக எதையாவது தொடங்கிப் பார்க்கலாம் என்று இருப்பவர்களால் முடியும். 'ரிஸ்க் எடு' என்று சொல்லும் வீடியோக்கள் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

வேலை தேடும் முன்னால் இன்னொன்றையும் செக் பண்ணிடுங்க. 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மேலே போட்ட கணக்குப்படி அந்த 1,000 ரூபாய் என்பது 3 நாள் கடை வேலை. தகுதி இருந்தும் ஏதோ ஒரு சான்றிதழ் கொடுக்காமல் இதை விட்டுவிட்டு, ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்விக்கடன் வாங்கியிருக்கிறீர்களா? படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும், வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று இருக்கு. உங்க வங்கிக் கிளையில் கேளுங்க. பார்ட் டைம் சம்பளத்தில் போன் இ.எம்.ஐ கட்டுவதைவிட இது நல்ல செலவு என்பது என் கருத்து. (போன் இ.எம்.ஐ கட்டியவன் சொல்கிறேன்.)

75 என்ற நம்பர்

நான் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, நவராத்திரியில் ஆரம்பித்து தீபாவளி வரை ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் உட்கார்ந்தேன். 'உட்கார்ந்தேன்' என்பது பேச்சுக்கு. பெரும்பாலும் நின்றேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. இருக்கை இருக்கிறதா என்பதையும், தீபாவளிக் கூட்டத்தில் அதில் உட்கார விடுகிறார்களா என்பதையும் சேரும் முன்னால் பார்த்துக்கோங்க.

எனக்கு வேலையைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. "அஞ்சு மணிக்கு வந்தா போதும்" என்றவர்கள், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் "ரெண்டு மணிக்கு வந்துடுப்பா" என்றார்கள். மதிய வகுப்பெல்லாம் கட். சீசன் முடிந்ததும் தருகிறோம் என்ற பாக்கிச் சம்பளம் கார்த்திகை தீபம் தாண்டித்தான் வந்தது. அதற்குள் என் அட்டெண்டன்ஸ் 71 சதவீதத்தில் நின்றது. ஹெச்.ஓ.டி ரூம் வாசலில் அப்பாவோடு நின்றதை இப்போ நினைத்தாலும் கூச்சமாக இருக்கு.

75 சதவீதம் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் எல்லைக்கோடு. அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலும் அப்படித்தான். மருத்துவம் போன்ற காரணங்களுக்கு ஆதாரம் காட்டினால் 65 வரை சலுகை உண்டு. 'கடையில் சீசன்' என்பது மருத்துவக் காரணத்தில் வராது. கோட்டுக்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் போகலாம். அந்தச் செமஸ்டரை மறுபடி படித்தால், படிப்பு முடிந்து வாங்கவேண்டிய முழுச் சம்பளம் அத்தனை மாசம் தள்ளிப்போகுது. 51 ரூபாய் கணக்கில் இதையும் சேர்க்கணும். அரியர் வைத்தாலும் இதே கதைதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள் 'நிலுவை அரியர் இருக்கக் கூடாது' என்றுதான் முதல் வரியிலேயே கேட்கின்றன.

இந்த விஷயத்தில் ஷிஃப்ட் முறையில் நடக்கும் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வசதி இருக்கு. வகுப்பு மதியத்தோடு முடிகிறது, அல்லது மதியம்தான் ஆரம்பிக்கிறது. பாதி நாள் உங்கள் கையில். பொறியியல் மாணவர்களுக்கு, அதுவும் காலேஜ் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்வருபவர்களுக்கு, வார நாளில் வேலை என்பது நடைமுறையில் கஷ்டம். அவர்களுக்கு வார இறுதி வேலை, அல்லது வீட்டிலிருந்தே செய்வது.

உங்க பிசினஸ் ஒரு ஸ்டார்ட்அப் அளவுக்கு வளர்கிறது என்றால், மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019-ம் ஆண்டு மாணவர்-ஆசிரியர் ஸ்டார்ட்அப் கொள்கையில் ஓர் இடம் இருக்கு. தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு, வருகை குறைந்தாலும் கல்லூரியின் அனுமதியோடு தேர்வெழுத வாய்ப்புத் தரலாம் என்கிறது அது. வழிகாட்டுதல்தான். உங்க கல்லூரி இதை ஏற்றிருக்கிறதா என்பதை முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க. 71 சதவீதத்தில் நின்றுகொண்டு கேட்டால் வேலைக்கு ஆகாது.

டெலிவரி வேலை: ஆப் சொல்லாத செலவு

நினைத்த நேரத்தில் லாகின், நினைத்த நேரத்தில் லாகவுட். படிக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது என்றுதான் தோணும். ஆனால் நல்ல இன்சென்டிவ் வருவது இரவுச் சாப்பாட்டு நேரத்திலும், மழையிலும், வார இறுதியிலும்தான். நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எந்த நேரத்துக்குக் காசு என்பதை ஆப்தான் தேர்ந்தெடுக்கும்.

பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் உங்க செலவு. ஒரு வாரம் வரும் தொகையிலிருந்து பெட்ரோலை மட்டும் கழிப்பது தப்புக் கணக்கு. வண்டித் தேய்மானத்துக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைங்க. இன்னொரு முக்கியமான விஷயம், வண்டி இன்ஷூரன்ஸ். சொந்த உபயோகத்துக்காக எடுத்த பாலிசியில் டெலிவரி வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு க்ளெய்ம் கிடைக்குமா என்று இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமே கேட்டுடுங்க. பல வீட்டில் வண்டி அப்பா பேரில் இருக்கும். பிரச்னை என்று வந்தால் அவர் பேரில்தான் வரும்.

தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கென்று 2023-ல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. டெலிவரிக்குப் போவதாக முடிவு செய்தால், முதல் வேலையாக அதில் பதிவு செய்வது எப்படி என்று பாருங்க.

வீட்டு பிசினஸுக்குக் கடிகாரம் கிடையாது

கடை வேலையில் ஷட்டர் இறங்கினால் வேலை முடிந்தது. பரீட்சைக்கு நாலு நாள் லீவ் கேட்கலாம், தரவில்லை என்றால் நின்றுவிடலாம். வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். வருத்தமான விஷயம்தான், ஆனால் மாணவருக்கு அதுவே ஒரு பாதுகாப்பு. வீட்டு பிசினஸில் உங்க இடத்துக்கு வர ஆள் இல்லை. வளைகாப்புக்கு 40 ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் எடுத்துவிட்டு, "நாளைக்கு எனக்கு அக்கவுன்ட்ஸ் பேப்பர்" என்று சொல்ல முடியாது. வளைகாப்பு தள்ளிப்போகாது.

அதனால், என்ன பிசினஸ் என்று யோசிக்கும்போது அதன் சீசனையும் உங்க அகாடமிக் காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இதை யாரும் செய்வதில்லை. செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே. ஆரி ஒர்க், மெஹந்தி, ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் கல்யாண சீசனை நம்பி ஓடுபவை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கை சும்மா இருக்கும். தை பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. தை, மாசி என்பது செமஸ்டரின் ஆரம்பம், சமாளிக்கலாம். ஆனால் வைகாசிக் கல்யாணத்துக்கான ப்ளவுஸ் ஆர்டர்கள் சித்திரையிலேயே, அதாவது சரியாக ஏப்ரல்-மே தேர்வு நேரத்தில்தான் வந்து குவியும்.

கேக், பிரவுனி, ஹேம்பருக்குப் பெரிய சீசன் கிறிஸ்துமஸ், நியூ இயர். பல பேருக்கு அதற்குள் தேர்வு முடிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். அவர்களுக்குப் பரீட்சை வரும்போது உங்களுக்கும் இன்டர்னல் வரும். ஆனாலும் டியூஷனுக்கு ஒரு பெரிய ப்ளஸ்: முதலீடு ஒரு ஒயிட் போர்டு, மாசா மாசம் தேதிக்குப் பணம். வேலைக்கும் பிசினஸுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வழி இது. கன்டென்ட் ரைட்டிங், வீடியோ எடிட்டிங் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைகளையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். உங்க படிப்போடு ஒட்டிய வேலை என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அதற்குத்தான் என் ஓட்டு. நாளைக்கு இன்டர்வியூவில் காட்ட ஏதாவது கையில் இருக்கும்.

அம்மாவுக்குச் சம்பளம் போட்டீங்களா?

இந்தக் கட்டுரைக்காகப் பழைய நண்பர்களிடம் பேசியபோது, வீட்டு பிசினஸ் செய்த எல்லாருமே ஏதோ ஓர் இடத்தில் "அம்மா ஹெல்ப் பண்ணுவாங்க" என்றார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி இரண்டாம் வருஷத்தில் ஆரி ஒர்க் ஆரம்பித்தாள். அவள் காலேஜில் இருக்கும்போது வாசலுக்கு வரும் கஸ்டமரிடம் பேசுவது அம்மா. கூரியர் வாங்குவது அம்மா. அளவு ப்ளவுஸைப் பத்திரமாக எடுத்துவைப்பது அம்மா. தேர்வு வாரத்தில் கற்கள் ஒட்டியதும் அம்மாதான். "மாசம் ஆறாயிரம் நிக்குது" என்று அவள் சொன்ன கணக்கில் அம்மாவின் நேரம் எங்கேயும் இல்லை.

இது ஒருத்தியைக் குறை சொல்வதற்காக இல்லை. பெரும்பாலான வீட்டு பிசினஸின் லாபமே, வீட்டில் ஒருவர் காசு வாங்காமல் பார்க்கும் வேலையில்தான் நிற்கிறது. அந்த நேரத்தையும் மணிக்கு இவ்வளவு என்று போட்டுப் பாருங்க. அதன் பிறகும் லாபம் நின்றால், அது நிஜமான பிசினஸ்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. "கடைக்கெல்லாம் வேலைக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்தே ஏதாவது பண்ணு" என்ற பேச்சு பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். பாதுகாப்பு என்பார்கள். ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணை யாரும் வேலை பார்ப்பவளாகப் பார்ப்பதில்லை. "சும்மாதானே இருக்க, குக்கரை இறக்கு", "தம்பிக்கு டிபன் வெச்சுக் கொடு" என்று நடுநடுவே அழைப்பு வரும். பஸ் ஏறிப் போய் வேலை பார்ப்பவருக்கு அந்த ஐந்து மணி நேரமாவது தடையில்லாமல் கிடைக்கும், நாலு வெளி மனிதர்களோடு பழக்கம் கிடைக்கும். வீடா, வெளியா என்பதை நீங்கள் முடிவு செய்தீர்களா, உங்களுக்காக வேறு யாராவது முடிவு செய்தார்களா என்று ஒருமுறை யோசிங்க.

பேப்பர் வேலை: எது கட்டாயம், எது கிடையாது?

கேக், ஊறுகாய், மசாலாப் பொடி என்று சாப்பிடும் எதை விற்றாலும், வீட்டுச் சமையலறையாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் பதிவு வேண்டும். சின்ன அளவில் செய்பவர்களுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், 14 இலக்க எண் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாதது, சோப்பு, ஹேர் ஆயில், ஃபேஸ் பேக் விஷயம். "வீட்டில் செய்த ஹெர்பல் புராடக்ட்தானே, இதுக்கென்ன லைசென்ஸ்?" என்று கேட்பார்கள். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க, 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. உணவுப் பதிவு மாதிரி 100 ரூபாயில் முடியாது, தயாரிக்கும் இடத்துக்கே நிபந்தனைகள் உண்டு. இன்ஸ்டாவில் நூறு பேர் விற்கிறார்களே என்பது பதில் ஆகாது. யாருக்காவது முகத்தில் அலர்ஜி வந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். படிக்கும் காலத்தில் தொடங்க ஏற்ற தொழில் இது இல்லை என்பேன்.

ஜிஎஸ்டி பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவை. ஆனால் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்பு பெரும்பாலும் பொருந்தாது. பெங்களூரு கஸ்டமருக்குப் புடவை அனுப்பும் முன்னால் ஒரு கணக்காளரிடம் கேட்டுடுங்க. ஆன்லைன் விற்பனைத் தளங்களில், 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு விற்பனையாளர்கள் தங்கள் மாநிலத்துக்குள் விற்க வழி வந்திருக்கு.

உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் கிடையாது. வருமான வரியும் இந்த அளவு சம்பாத்தியத்தில் வராது. ஃப்ரீலான்ஸ் வேலைக்கு டிடிஎஸ் பிடித்திருந்தால் மட்டும், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்க. அது உங்க காசு.

வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சொந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை. லண்டன் ரூமில் பொடி அரைத்து நண்பர்களுக்கு விற்றாலும் அது சொந்தத் தொழில்தான். விசாவோடு விளையாட வேண்டாம்.

இந்த மூன்றையும் தொடாதீங்க

"யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்" என்று டெலிகிராமில் வரும் வேலை. முதலில் நிஜமாகவே 150, 200 கொடுப்பார்கள். பிறகு 'பிரீமியம் டாஸ்க்' என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். போட்ட பணம் திரும்பாது.

அடுத்தது, சேருவதற்கே காசு கேட்கும் 'பிசினஸ் வாய்ப்பு'. ஹோட்டல் ஹாலில் மீட்டிங், கோட்-சூட் போட்ட அண்ணன், "கீழ ரெண்டு பேரைச் சேர்த்துவிடு" என்ற பேச்சு. நேரடி விற்பனைக்கான 2021-ம் ஆண்டு விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கவே கூடாது. கேட்டால் எழுந்து வந்துடுங்க. பிஸ்கட், டீ மட்டும் நமக்கு லாபம்.

மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்து. "உன் பேங்க் அக்கவுன்டை ஒரு மாசம் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்." வேலையே கிடையாது, சும்மா காசு. அந்தக் கணக்கில் வந்துபோவது சைபர் மோசடியில் யாரோ இழந்த பணம். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான். கல்லூரி மாணவர்கள் இதில் கைதாகிறார்கள். மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

அப்போ எப்படித்தான் முடிவு பண்றது?

இரண்டு வாரம், ஒரு நோட்டில் உங்க நேரத்தை எழுதுங்க. வகுப்பு, பயணம், தூக்கம், படிப்பு, ஸ்க்ரோலிங் எல்லாம். உண்மையிலேயே மிஞ்சுவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தெரியும். 8 மணி நேரம்கூட மிஞ்சவில்லை என்றால், இந்தச் செமஸ்டரில் இரண்டும் வேண்டாம். லீவில் முழுநேரமாக ஒரு மாசம் வேலைக்குப் போவது அதைவிட நல்லது.

பணம் உடனே வேணும் என்றால் வேலை. அதுவும் வீட்டுக்கோ கல்லூரிக்கோ பக்கத்தில், நேரம் எழுத்தில் உறுதி செய்யப்பட்ட வேலை. வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் வாங்குங்க. எனக்கு அந்த ஒரு மெசேஜ் இருந்திருந்தால் "ரெண்டு மணிக்கு வா" என்றபோது காட்டியிருப்பேன்.

காத்திருக்க முடியும் என்றால், பிசினஸைச் சின்னதாக ஆரம்பிங்க. 9,000 ரூபாய் அவன் வாங்காமல், இருக்கிற குக்கரில் பத்து கேக் விற்றுப் பாருங்க. சொந்தக்காரர் அல்லாத ஒருவர் இரண்டாவது முறை ஆர்டர் கொடுக்கிறாரா என்பதுதான் டெஸ்ட். கொடுத்தால் அவன் வாங்குங்க. சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. விலை நிர்ணயம், பேக்கிங் எல்லாம் இன்ஸ்டா பார்த்து கற்பதைவிட அங்கே போவது மேல்.

இரண்டையும் கலந்தும் செய்யலாம். முதல் வருஷம் வேலைக்குப் போய் ஒரு சின்ன முதலைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த வருஷம் பிசினஸ். கடையில் கற்ற பில்லிங்கும், கஸ்டமரிடம் கோபப்படாமல் பேசுவதும் அங்கே கைகொடுக்கும்.

அந்த ஆரி ஒர்க் தோழி கடைசி வருஷத்தில் ஒரு வேலை செய்தாள். இன்ஸ்டா பயோவில் "ஏப்ரல் 10 முதல் மே 15 வரை ஆர்டர் எடுக்கமாட்டேன். செமஸ்டர்" என்று போட்டாள். கஸ்டமர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முன்னாடியே ஆர்டர் கொடுத்தார்கள், சிலர் பரீட்சைக்கு வாழ்த்தும் சொன்னார்கள். சண்டைக்கு வந்தது ஒரே ஒருவர், அவளுடைய பெரியம்மா. வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். "சொந்த அக்கா ப்ளவுஸுக்குக்கூடவா லீவு?" என்று கேட்டாராம். அந்த ஒரு ப்ளவுஸை மட்டும் அம்மா போட்டுக் கொடுத்தார். இந்த முறை கூலி வாங்கிக்கொண்டு.